சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா): வீட்டு வாசலிலிருந்து ரோடு எத்தனை மீட்டர் தெரிய வேண்டும்?

லயத்துவாசி எழுதியது:

டவுனுக்கு வெளியே மாநில சாலையை ஒட்டி வீடு கட்டுகிறோம். நிலத்தின் முகப்பு 30 மீட்டர். கேட்டை வலது ஓரத்தில் வைப்பதாகத் திட்டம். அங்கிருந்து 5 மீட்டரில் பக்கத்து வீட்டுச் செம்பருத்தி வேலி ஆரம்பம்; தலை உயரம், ரோட்டோர வெள்ளைக் கோட்டிலிருந்து 1.2 மீட்டர்தான் தள்ளி நிற்கிறது. இடது பக்கம் மறுநடவு செய்த செம்பனை, இப்போதைக்கு எதுவும் மறைக்கவில்லை. போர்டில் 60 என்று இருந்தாலும் வண்டிகள் அதற்கு மேல்தான் வருகின்றன. எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும்? எப்படி அளப்பது? எதிரே குவிகண்ணாடி வைத்தால் சரியாகிவிடுமா?

அளவுநாடா:

முதலில் வேகம். போர்டை நம்பாதீர்கள். ரோட்டோரம் 100 மீட்டர் அளந்து இரண்டு குறி வையுங்கள். நெரிசல் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு வண்டியும் அதைக் கடக்கும் விநாடியைக் கைப்பேசியில் பிடியுங்கள். 360-ஐ விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும்; 4.5 விநாடி என்றால் 80. நூறு வண்டி எடுத்து, அதிவேக வண்டியிலிருந்து எண்ணினால் பதினைந்தாவதாக வரும் வேகத்தைக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் உங்களைப் பார்த்து பிரேக்கை மிதிக்க 2.5 விநாடி. 80-இல் அதற்குள் 56 மீட்டர் போய்விடும். பிறகு ஈர ரோட்டில் நிற்க இன்னும் 73 மீட்டர். ஆக 130. இதே கணக்கில் 60-க்கு 85, 90-க்கு 160. வருகிறவன் நின்று உயிர் தப்ப இதுதான் குறைந்தபட்சம். நீங்கள் வலப்பக்கம் திரும்பி ரோட்டில் சேர 7.5 விநாடி இடைவெளி வேண்டும். 80-இல் அது 167 மீட்டர். சரக்கு லோரி வந்து போகும் வாசல் என்றால் 9.5 விநாடி, 211 மீட்டர்.

அளக்கும் முறை: வெள்ளைக் கோட்டிலிருந்து 2.4 மீட்டர் பின்னால், வாசலின் நடுவில், தரையிலிருந்து ஒரு மீட்டர் சொச்சம் உயரத்தில் கண்ணை வையுங்கள். கார் சீட்டில் உட்கார்ந்தால் கண் அங்கேதான் இருக்கும். நின்றுகொண்டு பார்த்தால் கணக்கு தப்பு. இன்னொருவர் 60 செண்டிமீட்டர் உயரக் குச்சியை வெள்ளைக் கோட்டில் பிடித்தபடி விலகிப் போகட்டும். குச்சி மறையும் இடம்வரைதான் உங்கள் பார்வை. கோட்டின் மேலேயே பிடிப்பது முக்கியம், ஏனென்றால் மோட்டார் சைக்கிள்கள் வருவது அந்த ஓரத்தில்தான்.

உங்கள் வேலியை இப்படிப் பாருங்கள். கண் 2.4 மீட்டரில், வேலி நுனி 1.2 மீட்டரில், இடையே 5 மீட்டர். பார்வைக்கோடு வேலி நுனியை உரசிக்கொண்டு போய் 10 மீட்டரிலேயே வெள்ளைக் கோட்டைத் தொட்டுவிடும். லேன் நடுவில் வரும் கார்கூட 17 மீட்டரில்தான் தெரியும். 80-இல் வருகிற மோட்டாருக்கு 10 மீட்டர் அரை விநாடிகூட இல்லை. இந்த இடத்தில் கேட் வைக்கவே கூடாது.

ரோட்டோரம்:

கேட்டை இடது கோடிக்கு மாற்றினால் வேலி நுனி 25 மீட்டர் தூரத்தில் இருக்கும், பார்வை 50 மீட்டராகும். அதுவும் போதாது; வேலியும் பின்வாங்க வேண்டும். ஆனால் எவ்வளவு என்பதைக் கவனியுங்கள். 130 மீட்டர் தெரிய, வலது கோடியில் என்றால் வேலி 1.1 மீட்டர் பின்னால் போக வேண்டும்; இடது கோடியில் முக்கால் மீட்டர் போதும். ரோட்டிலிருந்து 1.2 மீட்டரில் நிற்கும் வேலி பெரும்பாலும் ரிசாப் ஜாலானுக்குள்தான் (சாலைக்கென ஒதுக்கிய அரசு நிலம்) இருக்கும். நில அலுவலகத்தில் எல்லை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அண்டை வீட்டாரிடம் நல்லபடியாகப் பேசுங்கள். அடியோடு வெட்டத் தேவையில்லை; 60 செண்டிமீட்டருக்குக் கீழே கத்தரித்து வைத்தாலும் பார்வை கிடைக்கும். ஆனால் செம்பருத்தி மழைக்காலத்தில் சீக்கிரம் எழும்பிவிடும், அதனால் வேர் இடம் மாறுவதே நிரந்தரம்.

இடது பக்கச் செம்பனைதான் எனக்குக் கவலை. மறுநடவு முடிந்த கையோடு அளந்தால் எல்லாம் தெரியும். மூன்றாம் நான்காம் வருடத்தில் மட்டைகள் தரையைத் தொட்டுப் பரவி, கார் கண்ணின் உயரத்திலேயே சுவர் போல நிற்கும். மரம் உயர்ந்து தண்டு மட்டும் நிற்கும் காலம் வரை பல வருடம் அப்படித்தான். ஆகவே முதல் வரிசை ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று இப்போதே அளந்து, மட்டை நாலைந்து மீட்டர் வெளியே நீளும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். இடமிருந்து வரும் வண்டிக்கு ரோட்டின் நடுக்கோடு வரை அளந்தால் போதும் என்பார்கள். முந்திச் செல்லத் தடை உள்ள இரட்டைக் கோடு இருந்தால்தான் அது பொருந்தும். விட்டுவிட்டுப் போட்ட கோடு என்றால், முந்துகிறவன் உங்கள் பக்க லேனில் வருவான். அங்கேயும் ஓரம் வரை அளக்க வேண்டும்.

குவிகண்ணாடி துணைக்குத்தான், பார்வைக்குப் பதிலாகாது. வண்டி இருப்பதைவிடத் தூரத்தில் தெரியும், வேகம் பிடிபடாது, மழையில் மங்கும், இரவில் ஹெட்லைட் கூசும்.

அளவுநாடா:

அனுமதி பற்றி: ரோட்டு எண்ணில் பேராக்கின் A எழுத்து இருந்தால் மாநில சாலை, வெறும் எண் என்றால் கூட்டரசு சாலை. இரண்டுக்கும் கோலகங்சார் மாவட்ட ஜே.கே.ஆர். (பொதுப்பணித் துறை) அலுவலகத்தில் கேளுங்கள். டவுனுக்குள் நகராண்மைக் கழக ரோடாக இருந்தால் அங்கே. கடை, பட்டறை என்று எண்ணம் இருந்தால் 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டப்படி கெபெனாரான் மெரஞ்சாங் (திட்ட அனுமதி) தனியாக வேண்டும். வாசலுக்காக ரோட்டோரக் கால்வாய்மேல் பாலம் போடுமுன் ஒப்புதல் வாங்குங்கள். கால்வாயைக் குறுக்கினால் நீர் ரோட்டுக்கு ஏறும்.

கேட் உள்பக்கம் திறக்கட்டும், ரோட்டோரத்திலிருந்து 6 மீட்டர் உள்ளே இருக்கட்டும், இல்லையென்றால் கேட் திறக்கும்வரை காரின் வால் ரோட்டில் நிற்கும். அந்த 6 மீட்டரும் ரோட்டு மட்டத்திலேயே இருக்க வேண்டும். ஏற்றத்தில் நின்றால் மூக்கு தூக்கி ரோடு தெரியாது. பள்ளத்தில் நின்றால் கண் தாழ்ந்து, நீங்கள் கத்தரித்த 60 செண்டிமீட்டர் செடியே மறைத்துவிடும். கேட் தூண் பக்கத்தில் குப்பைத் தொட்டி, தபால்பெட்டி, பேனர் எதுவும் வேண்டாம்.