சென்சார் புதுசு, ஏபிஎஸ் விளக்கு மட்டும் அணையவில்லை

அண்ணனின் காரில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் வந்த கோளாறு கோடு (code) சி0035, அதாவது இடது முன்சக்கர வேக சென்சார் சர்க்யூட். ஒர்க் ஷாப்பில் சென்சாரை மாற்றிக் கொடுத்தார்கள். விளக்கு அணைந்தது, அப்புறம் ஒரு யு-டர்ன் அடித்ததும் மறுபடி வந்துவிட்டது. "இந்த சென்சாரும் சரியில்லை போல, இன்னொன்று போடலாம்" என்றார்களாம். அந்தக் கட்டத்தில்தான் கார் என்னிடம் வந்தது.

எனக்கு அந்த யு-டர்ன்தான் இடித்தது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மட்டும் கோளாறு வருகிறதென்றால், அப்போது எது வளைகிறதோ அதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? இந்த மாடலில் சென்சாரோடு நீள ஒயர் வராது. சின்ன கனெக்டர், அங்கிருந்து ஸ்ட்ரட் (சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தண்டு) ஓரமாகத் தனி ஒயர். சென்சாரை எத்தனை முறை மாற்றினாலும் அந்த ஒயர் பழையதுதான்.

காயில் சுற்றிய பழைய வகை சென்சார் என்பதால் ஓம் (மின்தடை) அளக்கலாம். 1,100 சொச்சம் காட்டியது. இந்த வகைக்குப் பெரும்பாலும் 800 முதல் 2,000 வரை இருக்கும், காருக்குக் கார் மாறும். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் ஏசி (மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டும் வந்தது. சரி, சென்சார்மேல் குற்றமில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஏபிஎஸ் மாட்யூல் (அதன் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) பக்கத்து கனெக்டரிலிருந்து அளந்தேன். ஸ்டியரிங் நேராக இருக்கும்போது அதே 1,100. இடது பக்கம் முழுதாக ஒடித்ததும் மீட்டரில் ஓ.எல்., சர்க்யூட் துண்டிப்பு! ஒயரின் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. விரலால் தடவிக்கொண்டே போனால் ஓர் இடம் மட்டும் தொளதொளவென்று மடிந்தது, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. அசையும் இடத்தில் ஒட்டுப் போட்டால் நிற்காது என்பதால் ஒயரையே முழுதாக மாற்றினோம்.

*

நல்ல பதிவு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: புதிய கார்களில் பெரும்பாலும் ஆக்டிவ் சென்சார், அதாவது மின்சப்ளை கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை. அதில் ஓம் அளந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மாட்யூல் சப்ளை கொடுக்கும், சென்சார் 7, 14 மில்லிஆம்ப் என மாறி மாறி இழுக்கும். அதனால் கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து, ஒயர் பக்கம் சப்ளை வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

என் காரில் கோளாறு கோடே விழவில்லை. ஆனால் மெதுவாக வந்து நிற்கப்போகும் நேரத்தில் பெடல் காலுக்கடியில் தடதடக்கும், ஈரமில்லாத ரோட்டிலும்கூட. ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (ஓடும்போதே வரும் சென்சார் அளவுகளை) பார்த்தபடி பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வந்தார். மூன்று சக்கரங்கள் 8 கி.மீ. வேகம் காட்டும்போது நான்காவது பூஜ்யம். சக்கரம் பூட்டிக்கொண்டது என்று ஏபிஎஸ் நம்பிவிடுகிறது, பாவம். சென்சார் உட்காரும் இடத்தில் துரு ஊறி அதை மேலே தள்ளியிருந்தது. துருவைச் சுரண்டித் திருப்பி மாட்டியதோடு சரி.

சக்கர பேரிங் மாற்றிய கையோடு விளக்கு எரிந்தால் இன்னொன்றையும் சந்தேகப்படுங்கள். பல கார்களில் சென்சார் படிக்கும் காந்த வளையம் பேரிங் சீலிலேயே இருக்கும். பேரிங்கைத் திருப்பி அடித்துவிட்டால் சென்சாருக்குப் படிக்க ஒன்றுமே இருக்காது.

*

என்னுடையது சக்கரத்தில் இல்லை, பெடலில். கோடு பி0504, க்ரூஸ் கன்ட்ரோல் (ஒரே வேகத்தில் தானே ஓட வைக்கும் வசதி) எடுக்கவில்லை. பிரேக் லைட் ஒழுங்காக எரிந்ததால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் சாதித்தார். அந்தச் சுவிட்சுக்குள் இரண்டு சர்க்யூட்: மிதித்தால் ஒன்று சேரும், மற்றது பிரியும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால்தான் இந்தக் கோடு. பெடலை மிதித்துக்கொண்டே லைவ் டேட்டா பார்த்தால் இரண்டாவது சிக்னல் அசையவே இல்லை. கனெக்டருக்குள் ஒரு பின் பின்னால் தள்ளிப்போயிருந்தது. அதை முன்னே தள்ளிப் பூட்டியதும் க்ரூஸ் வேலை செய்கிறது. சுவிட்ச் அதே பழைய சுவிட்ச்தான்.