மெத்தாக்சி பென்சாயிக் அமிலம்: மெட்டாவில் வலிமை கூடி, பாராவில் ஏன் குறைகிறது?

பிளஸ் டூ மாணவி:
வணக்கம். பென்சாயிக் அமிலம், மெட்டா மெத்தாக்சி பென்சாயிக் அமிலம், பாரா மெத்தாக்சி பென்சாயிக் அமிலம் மூன்றையும் அமில வலிமையின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும். விடைக்குறிப்பில் மெட்டா, பென்சாயிக், பாரா என்று இருக்கிறது. மெத்தாக்சி (OCH₃) தொகுதியில் உள்ள ஆக்சிஜனின் தூண்டல் விளைவு பிணைப்புகள் வழியே எலக்ட்ரானை இழுக்கும், அமிலம் வலுக்கும் என்றுதான் படித்தேன். பாரா மட்டும் ஏன் பென்சாயிக் அமிலத்துக்கும் கீழே போகிறது? அடுத்த வாரம் தேர்வு.

பி.எஸ்சி. மாணவர்:
மெத்தாக்சிக்கு மீசோமெரிக் விளைவும் உண்டு, தங்கையே. ஆக்சிஜன் தன் தனித்த இணை எலக்ட்ரான்களை வளையத்துக்குக் கொடுக்கும். தூண்டல் விளைவைவிட இதுதான் பெரிது.

பிளஸ் டூ மாணவி:
அப்படியானால் மெட்டாவிலும் அதுதானே வெல்ல வேண்டும், அண்ணா?

வேதியியல் ஆசிரியர்:
நல்ல கேள்வி அம்மா, அதை விடாதே. எது பெரிது என்று கேட்பதற்கு முன், எது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். பென்சிலை எடுத்து வளையத்தை வரைந்துகொள். கார்பாக்சில் தொகுதி உள்ள கார்பனுக்கு 1 என்று எண் கொடு.

முதலில் பாரா, அதாவது மெத்தாக்சி 4-இல் இருக்கட்டும். அதன் இணை எலக்ட்ரான்களை அம்புக்குறி போட்டு வளையத்துக்குள் நகர்த்து. எதிர்மின்சுமை 3, 5, 1 ஆகிய கார்பன்களில் மாறிமாறி வந்து உட்காரும். 1 என்பது கார்பாக்சில் இருக்கும் இடமே. அமிலம் புரோட்டானை இழந்து உருவாகும், ஏற்கெனவே எதிர்மின்சுமை தாங்கும் அயனிக்குப் பக்கத்தில் இன்னும் எலக்ட்ரான் வந்தால் அது நிலைத்தன்மை இழக்கிறது. அமிலம் வலிமை குறைகிறது. இப்போது மெத்தாக்சியை 3-க்கு மாற்று, அதுதான் மெட்டா. சுமை 2, 4, 6-இல்தான் விழும். 1-ஐத் தொடவே தொடாது. அங்கே தூண்டல் விளைவு மேலோங்குகிறது, தூரமும் குறைவு.

அமில வலிமையைக் காட்டும் பிகேஏ (pKa) மதிப்புகளைப் பார்: மெட்டா 4.09, பென்சாயிக் 4.20, பாரா 4.47. மதிப்பு குறையக் குறைய வலிமை கூடும்.

பிளஸ் டூ மாணவி:
வரைந்து பார்த்தேன் ஐயா, 1-இல் சுமை வருவது தெளிவாகத் தெரிகிறது. குளோரினுக்கும் தனித்த இணைகள் உண்டே? பாரா குளோரோ 3.98, மெட்டா குளோரோ 3.83 என்று அட்டவணையில் இருக்கிறது. பாராவும் பென்சாயிக்கைவிட வலிமையாக உள்ளதே?

வேதியியல் ஆசிரியர்:
குளோரினின் தனித்த இணை 3பி ஆர்பிட்டாலில் இருக்கிறது, கார்பனுடையது 2பி. அளவு பொருந்தாததால் மேற்பொருந்துதல் சரியாக அமையாது, கொடுக்கும் திறன் தளர்கிறது. ஆக்சிஜன் என்றால் அதனுடையதும் கார்பனுடையதும் 2பி. அதனால் குளோரினில் தூண்டல் விளைவே முந்துகிறது. ஆனாலும் பாராவில் சற்றுக் கொடுக்கிறது, 3.98 மெட்டாவைவிடக் கூடுதலாக இருப்பதற்குத் தூரத்தோடு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கணக்கை ஆர்த்தோவுக்கு, அதாவது கார்பாக்சிலுக்கு அடுத்த 2-ஆம் இடத்துக்கு, கொண்டுபோகாதே. மெத்தில் எலக்ட்ரான் கொடுக்கும் தொகுதி. பாரா மெத்தில் அமிலம் 4.37. ஆர்த்தோ மெத்திலோ 3.91, பென்சாயிக்கைவிட வலியது. அருகில் இடநெருக்கடி ஏற்பட்டுக் கார்பாக்சில் தொகுதி வளையத்தின் தளத்திலிருந்து திரும்பிவிடுகிறது; வளையத்திலிருந்து அதற்கு எலக்ட்ரான் வருவது குறைந்து அமிலம் வலுக்கிறது. தேர்வில் ஆர்த்தோ வந்தால் ஆர்த்தோ விளைவு என்று தனியாகக் குறிப்பிட்டுக் காரணம் எழுது.