மாதிரியில் 400 லக்ஸ், வீட்டில் 20,000: அவசர உதவி

தெம்பனிஸ்வாசி: ரேடியன்ஸ் மென்பொருளில் கணினி மாதிரி செய்து, சிங்கப்பூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தின் பகலொளியைக் கணக்கிட்டேன். 400 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) வருகிறது. அதே இடத்தில் லக்ஸ் மீட்டர் 20,000ஐத் தாண்டுகிறது. நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும். எங்கே தவறு?

மாடிப்படி: எந்தத் தேதி, எத்தனை மணி? எந்த வகை வானம்? சன்னல் எந்தத் திசை? இவை தெரியாமல் என்ன சொல்வது?

ஒளித்துகள்: பிரதிபலிப்பு எண்ணிக்கைதான், அதாவது ஒளி எத்தனை முறை பட்டுத் திரும்புவதாகக் கணக்கிடுகிறோம் என்பதுதான் காரணம். 0 என்று விட்டிருப்பீர்கள். 5 ஆக்குங்கள், சரியாகிவிடும்.

பழையமானி: தம்பி, அடிப்படையைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். பகலொளி விகிதம் என்பது மேகம் மூடிய வானத்தின்கீழ் உள்ளே விழும் ஒளியை வெளியே விழும் ஒளியால் வகுப்பது. அதில் வெயிலுக்கே இடமில்லை. வெயிலில் அளந்ததை அதனோடு ஒப்பிடக் கூடாது.

ஈசூன்காரி: ஐயா, அவர் விகிதத்தைக் கேட்கவே இல்லையே. தவிர, மூடிய வானத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கிழக்கு வீடும் மேற்கு வீடும் ஒன்றாகிவிடும். மாலை நான்கு மணிக்கு என் அம்மா திரையை இழுத்து மூடுகிறாரே, அதை எந்த விகிதம் சொல்லும்?

பழையமானி: மோசமான நாளிலும் எவ்வளவு ஒளி கிடைக்கும் என்று சொல்லும். அதற்குத்தான் வடிவமைக்க வேண்டும்.

ஈசூன்காரி: லண்டனுக்குப் பொருந்தும். இங்கே கண் கூசுவதும் வெக்கையும்தான் தொல்லை.

தெம்பனிஸ்வாசி: மன்னிக்கவும், விவரங்களை விட்டுவிட்டேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீடு. கிழக்குச் சன்னல், திறந்திருந்தது. மார்ச் 22, காலை 9 மணி, தெளிந்த வானம். பிரதிபலிப்பு 5தான்.

ஒளித்துகள்: அப்படியானால் 7 வைத்துப் பாருங்கள்.

மாடிப்படி: லக்ஸ் இருக்கட்டும். வெயில் தரையில் எதுவரை நீள்கிறது? வீட்டில் எவ்வளவு, மாதிரியில் எவ்வளவு?

தெம்பனிஸ்வாசி: வீட்டில் சாமி அலமாரியின் கால் வரை, சன்னலிலிருந்து ஏறக்குறைய நான்கு மீட்டர். லக்ஸ் மீட்டரைச் சன்னலிலிருந்து மூன்று மீட்டர் தூரத்தில், வெயிலுக்குள் வைத்தேன். மாதிரியில் ஒன்றேகால் மீட்டரிலேயே வெயில் நின்றுவிடுகிறது.

மாடிப்படி: அப்படியென்றால் உங்கள் சூரியன் உயரத்தில் நிற்கிறது. ரேடியன்ஸுக்கு வானத்தையும் சூரியனையும் அமைத்துத் தரும் ஜென்ஸ்கை நிரலில் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட்டீர்களா? அந்த நிரலுக்கு மேற்குதான் கூட்டல். சிங்கப்பூருக்கு −103.8, நேர வலயத்துக்கு −120. இரண்டையும் கூட்டலாகக் கொடுத்தால் அது பிழை என்று சொல்லாது. சூரியனை இரண்டு மணி நேரத்துக்கு மேல் முன்னே தள்ளிவிடும். 1982 முதல் நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்துக்கு ஓடுகிறது. இங்கே உச்சிவெயில் பகல் ஒரு மணி வாக்கில்தான். காலை ஒன்பது என்றால் சூரியனுக்கு இன்னும் எட்டுகூட ஆகவில்லை; உயரம் 27 பாகை. உங்கள் மாதிரியில் ஏறத்தாழ 60 இருக்கும், பாருங்கள்.

பழையமானி: ஈசூன்காரி, கூசுவதைத் திரை தடுக்கும். இருட்டை எது தடுக்கும்?

தெம்பனிஸ்வாசி: இரண்டுமே கூட்டலாகத்தான் இருந்தன. மாற்றினேன், வெயில் அலமாரியின் காலைத் தொட்டுவிட்டது. நன்றி அண்ணா.