8 ஸ்பீடு செயினும் 16 பல் ஃப்ரீவீலும்: எழுந்து மிதிச்சா ஏன் கடக்குன்னு எகிறுது?

வண்ணாரப்பேட்டை_ஒத்தப்பல்:
பழைய கியர் சைக்கிள், ஸ்டீல் ஃப்ரேம். கியரெல்லாம் கழட்டி ஒத்த ஸ்பீடு ஆக்கியாச்சு. முன்னாடி அதே பழைய கிராங்க். ரெண்டு செயின்வீல்ல உள் வீலைக் கழட்டிட்டு 44 பல் வெளிவீலை மட்டும் விட்டிருக்கு. பின்னாடி ஃப்ளிப்-ஃப்ளாப் ஹப் (ரெண்டு பக்கமும் பல் மாட்டலாம், சக்கரத்தைத் திருப்பிப் போட்டுக்கலாம்), ஒரு பக்கம் புது 16 பல் ஃப்ரீவீல் (மிதிக்கிறதை நிறுத்தினாலும் சக்கரம் தானா ஓடும்). செயின் புது 8 ஸ்பீடு. உட்கார்ந்து மிதிச்சா லேசா கரகரங்குது. மின்ட் மேம்பாலத்துல எழுந்து மிதிச்சா கடக்குன்னு எகிறுது. ஃப்ரீவீல் கெட்டதா, செயினா? இன்னொரு பக்கம் ஃபிக்ஸட் பல் (சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் கூடவே சுத்தும்) போடவும் ஆசை. ஃப்ரீவீலையே வெல்டிங் அடிச்சா ஃபிக்ஸட் ஆயிடும்னு கடையில சொல்றாங்க, அது சரியா?

பல்சக்கரம்:
ரெண்டும் கெட்டதில்லை. ஒண்ணுக்கொண்ணு பொருந்தாதது.

சைக்கிள் செயின் எல்லாத்துக்கும் பின்னுக்குப் பின் தூரம் அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. அதனால கையில சுத்திப் பார்த்தா எல்லாம் பொருந்துற மாதிரியே தெரியும். வித்தியாசம் உள் அகலத்துல. சாதா லோடு சைக்கிள், ஒத்த ஸ்பீடு எல்லாம் 1/8 இஞ்ச், நம்ம பழைய கணக்குல அரைக்கால் இஞ்ச், 3.18 மி.மீ. கியர் சைக்கிள்ல 8 ஸ்பீடு வரைக்கும் 3/32 இஞ்ச், 2.38 மி.மீ. 9 ஸ்பீடுக்கு மேல இன்னும் ஒடுக்கம்.

வெர்னியர் காலிபர் இருந்தா பல்லோட தடிமனை அளங்க. கிட்டத்தட்ட 2.1 வந்தா 3/32, 2.8, 2.9 வந்தா 1/8. 2.9 பல்லு 2.38 செயினுக்குள்ள எப்படி இறங்கும்? நுனி கூம்பி இருக்கறதால கொஞ்சம் நுழையும், ரோலர் பள்ளத்துல போய் உட்காராது. பக்கத்துல இருந்து பாருங்க, ரோலருக்கு அடியில வெளிச்சம் தெரியும். அந்த நிலையில முழு எடை போட்டு மிதிச்சா எகிறாம என்ன செய்யும்.

விதி சின்னது: 1/8 செயின் ரெண்டு வகைப் பல்லுலயும் ஓடும். 3/32 செயின் 3/32 பல்லுல மட்டும். கேஎம்சி இசட்410 மாதிரி ஒரு 1/8 செயின் வாங்குங்க. முன்வீல் 3/32ஆ இருந்தா அதுல செயின் கொஞ்சம் பக்கவாட்டுல ஆடும், லேசா சத்தம் வரும், வேற கெடுதல் இல்லை. ஆனா செயின்லைன் (ஃப்ரேம் நடுக்கோட்டுல இருந்து பல் எவ்வளவு தள்ளி இருக்குங்கறது) முன்னும் பின்னும் ஒண்ணா, நேரா இருக்கணும். அதையும் அளந்து போடுங்க: முன்னாடி சீட் ட்யூப் நடுவுல இருந்து பல் நடு வரை; பின்னாடி ரெண்டு டிராப்அவுட்டுக்கும் (பின் ஆக்சில் மாட்டுற ஃப்ரேம் முனை) உள் இடைவெளியில பாதி, அதுல இருந்து டிராப்அவுட் உள்முகம் – பல் நடு தூரத்தைக் கழிக்கணும்.

வண்ணாரப்பேட்டை_ஒத்தப்பல்:
அளந்தாச்சு அண்ணா. முன்வீல் பல் 2.1, ஃப்ரீவீல் 2.9. செயின்லைன் முன்னாடி 46, பின்னாடி 60 − 18 = 42. பி.பி. (கிராங்க் சுத்துற அச்சு) நடுவுல இருந்து பின் ஆக்சில் நடு வரை 440 மி.மீ. சொன்ன மாதிரியே ரோலருக்கு அடியில இடைவெளி தெரியுது.

பல்சக்கரம்:
4 மி.மீ. கோணல் அதிகம். ஃப்ரீவீல்ல ஓரளவு ஓடிடும், ஃபிக்ஸட்ல விடக்கூடாது. 1 மி.மீ.க்குள்ள கொண்டு வாங்க. புது பி.பி. எல்லாம் வேண்டாம், 44 பல் வீலை கிராங்க் ஸ்பைடரோட (வீலை போல்ட் போட்டு மாட்டுற கைகள்) உள்பக்கத்துக்கு மாத்துங்க, கிட்டத்தட்ட 41 வரும். ரெண்டு விஷயம் பாருங்க: பல்லுக்கும் செயின்ஸ்டேக்கும் (பி.பி.ல இருந்து பின் ஆக்சிலுக்குப் போற ஃப்ரேம் குழாய்) நடுவுல 3 மி.மீ.யாவது இடம் இருக்கணும். அப்புறம் அந்த போல்ட். ரெண்டு வீலுக்கான நீள போல்ட்டை ஒரு வீலுக்கு முறுக்கினா போல்ட்டு முட்டி நிக்கும், வீல் பிடிக்காது, மிதிக்க மிதிக்க கிளிக் கிளிக்னு சத்தம் வரும். ஒத்த வீலுக்கான குட்டை போல்ட் தனியா கேட்டு வாங்கணும்.

செயின் நீளம்: 440க்கு 44/16 போட்டா கணக்கு 99.86 கண்ணி. அதனால 100. பெட்டியில 112 வரும், 12 வெட்டுங்க. ஆக்சில் சுமார் 1 மி.மீ. பின்னாடி போகும், அவ்வளவுதான்.

செயினோட ரெண்டு முனையையும் சேர்க்கிற கிளிப் லாக் போடும்போது காசிமேட்டு மீனை நெனைச்சுக்குங்க. கிளிப் மீன் வடிவத்துல இருக்கும். செயின் ஓடுற பக்கம் மீன் தலை, பிளந்த வால் பின்னாடி. திருப்பிப் போட்டா எதுலயாவது தட்டி வால் திறந்துக்கும்.

ஒத்தகியர்_தண்டையார்பேட்டை:
வெல்டிங் விஷயத்தை யாரும் தொடலையே. அதைச் செய்யவே செய்யாதீங்க ப்ரோ. ஃப்ரீவீல் மரை வலது மரை, முன்னாடி மிதிச்சா இறுகும். ஃபிக்ஸட்ல வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்னாடி அழுத்துவீங்க, அப்போ அதே மரை அவிழும். வெல்டிங் பிடிக்கிறது ஃப்ரீவீலோட உள்ளையும் வெளியையும்தான், ஹப்போட இல்லை. அழுத்துற நேரத்துல பல் கழண்டு சுத்தும், எண்ணூர் ரோட்டுல பின்னாடி கன்டெய்னர் லாரி வரும்போது அது எப்படி இருக்கும்னு யோசிங்க.

ஹப்போட மறுபக்கத்தைப் பாருங்க. ரெண்டு படியா மரை இருக்கா? உள்படி பெருசு, 1.37 இஞ்ச் – 24 (இஞ்சுக்கு 24 மரை), பல்லுக்கு. வெளிப்படி கொஞ்சம் சின்னது, 1.29 இஞ்ச் – 24, இடது மரை, பல்லை அவிழாம பிடிக்கிற லாக்ரிங்குக்கு. படி இல்லாம ஒரே மரைன்னா ரெண்டு பக்கமும் ஃப்ரீவீலுக்கான ஹப். அதுல ஃபிக்ஸட் போடாதீங்க. பி.பி. ரிங்கைப் போட்டு இறுக்கிக்கலாம்னு சிலர் சொல்வாங்க. அதுவும் வலது மரை, பல்லோட சேர்ந்தே அவிழும்.

படி இருந்தா: மரையைத் துடைச்சு கிரீஸ், செயின் விப்பால (செயின் துண்டு வெச்ச கைப்பிடி) பல்லை நல்லா இறுக்கி, லாக்ரிங்கை இடதுபக்கம் திருப்பி இறுக்குங்க. ஒரு மேம்பாலம் எழுந்து மிதிச்சு ஏறுங்க, பல் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். வந்ததும் லாக்ரிங்கை மறுபடி இறுக்கணும், இதை விட்டாத்தான் மரை உரிஞ்சு போகுது. முன் பிரேக்கைக் கழட்டாதீங்க.

ஃபிக்ஸட் பக்கம் 16க்கு பதிலா 17 வாங்குங்க. 44/16ஐச் சுருக்கினா 11/4, ஸ்கிட் அடிச்சா (பெடலைச் சுத்தவிடாம பிடிச்சு பின்சக்கரத்தை வழுக்கவிட்டா) டயர் அதே நாலு இடத்துல தேயும். 44/17 சுருங்காது, 17 இடம். அதே 100 கண்ணிதான்; ஆக்சில் 3 மி.மீ. முன்னாடி நகரும், ஸ்லாட்டுலயே சரியாயிடும்.

எண்ணூர்காத்து:
1/8 தவிர வழியே இல்லைங்கிற மாதிரி பேச்சு போகுது. 3/32 ஃப்ரீவீல், 3/32 பல் கிடைச்சா இந்த 8 ஸ்பீடு செயினே போதும்; சத்தமும் கம்மி. எது மலிவோ அதைப் பாருங்க, ஃப்ரீவீலும் புதுசுங்கறதால செயினை மாத்துறதுதான் இங்க மலிவு, அது வேற.

ஆனா அந்தப் பழைய 44 வீலைச் சோதிச்சீங்களா? பல் சுறா துடுப்பு மாதிரி ஒருபக்கம் வளைஞ்சிருந்தா புது செயினையும் சீக்கிரம் தின்னுடும். இனிமே செயினை அளக்க ஸ்டீல் ஸ்கேல் போதும்: ஒரு பின்னோட நடுவுல 0 வைங்க, 24வது பின் சரியா 12 இஞ்ச்ல வரணும். 1/16 தாண்டினா மாத்துங்க. 1/8 தாண்டுற வரைக்கும் ஓட்டினா பல்லும் சேர்ந்து போச்சு.

டென்ஷன்: செயின் கீழ்ப்பக்கம் நடுவுல விரலால தள்ளினா மேலும் கீழுமா 10 மி.மீ. வரைக்கும் ஆடலாம். கிராங்கைச் சுத்திச் சுத்தி, எங்க ரொம்ப இறுகுதோ அந்த இடத்துல பாருங்க. ஒரு இடத்துல கம்பி மாதிரி இறுகி இன்னொரு இடத்துல தொங்கினா வீல் நடுவுல இல்லை. அஞ்சு போல்ட்டையும் லேசா தளர்த்தி, தட்டி, நடுவுக்குக் கொண்டு வந்து இறுக்கணும்.

கடற்கரைப் பக்கம் ஓட்டுறதால உப்புக்காத்து ரெண்டு வாரத்துல சிவப்பாக்கிடும். மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சு, காய்ஞ்சதும் ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு, அப்புறம் வெளியில இருக்கிற எண்ணெயைத் துடைச்சிடுங்க. வண்டி மாத்தின பழைய இன்ஜின் ஆயிலை ஊத்தாதீங்க.

வண்ணாரப்பேட்டை_ஒத்தப்பல்:
ஹப்புல ரெண்டு படி மரை இருக்கு. 1/8 செயின், குட்டை போல்ட் அஞ்சு, 17 பல் ஃபிக்ஸட், லாக்ரிங். சனிக்கிழமை பாரிமுனை போறேன். 17ம் 1/8தானே கேக்கணும்?

பல்சக்கரம்:
எது கிடைச்சாலும் ஓடும். காலிபரைக் கையோட எடுத்துட்டுப் போங்க, பெட்டியில எழுதியிருக்கிறதை நம்பாதீங்க.