வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்: ‘ஒழுங்கற்ற’ கடல் முள்ளெலி

காரைக்குடி, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை மதியம் அச்சகத்துக்குப் போக வேண்டிய ஒரு பலகைக்காக எழுதுகிறேன்.

பள்ளிக் கண்காட்சியில் இந்த முறை முட்தோலிகளுக்கு, அதாவது நட்சத்திர மீன், கடல் முள்ளெலி போன்ற கடல் பிராணிகளுக்கு, ஒரு மேசை ஒதுக்கியிருக்கிறோம். தொண்டிக் கரையில் பொறுக்கிய ஓடுகள் கொஞ்சம், அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வந்த கல்லான ஓடுகள் மூன்று, ஆழ்கடல் வகைக்கு ஒரு படம். மற்ற எல்லாம் தமிழாகிவிட்டது. ஒரே ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது.

கடல் முள்ளெலிகளில் ‘ரெகுலர்’, ‘இர்ரெகுலர்’ என்று இரண்டு பிரிவு சொல்கிறார்கள். ரெகுலர் என்பது நமக்குத் தெரிந்த உருண்டை. வாய் அடியில், கழிவுத்துளை உச்சியில். எப்படித் திருப்பி வைத்தாலும் ஐந்து பங்காக ஒரே மாதிரி தெரியும். ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில் இன்னொரு கூட்டம் வந்தது. அதில் கழிவுத்துளை உச்சியை விட்டு இறங்கிப் பின்பக்கம் போய்விட்டது. அதோடு உடம்புக்கு முன் பின், இடம் வலம் எல்லாம் வந்துவிட்டன. இதய வடிவ முள்ளெலி, மணல் டாலர், ஆழ்கடல் போர்ட்டலேசியா எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

‘ஒழுங்கற்ற கடல் முள்ளெலி’ என்று எழுதி ஒன்பதாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “சார், அது என்ன தப்பு செஞ்சுச்சு?” என்றான். சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. எனக்கும் பதில் இல்லை. மணலுக்குள் புதைந்துகொண்டு தன்பாட்டுக்கு வாழ்கிற பிராணி அது.

தேவகோட்டை, செவ்வாய் காலை

தம்பி, பையன் கேட்டது சரியான கேள்வி. ‘ஒழுகு’ என்ற ஒரே வினையடியிலிருந்துதான் ஒழுங்கும் ஒழுக்கமும் வந்தன. ஒன்றை மறுத்தால் மற்றதும் கூடவே ஆடும். ‘ஒழுங்கற்றவன்’ என்று சொல்லிவிட்டு அவன் உடம்பின் வடிவத்தைத்தான் சொன்னேன் என்றால் யார் நம்புவார்கள்?

அதற்கு முன் ஒன்று. ‘முட்தோலி’ என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் ட் என்ற மெய்யை அடுத்துத் த வராது. முள் + தோலி = முட்டோலி. இதை முதலில் திருத்துங்கள்.

இனி உங்கள் சொல். லத்தீனில் ‘ரெகுலா’ என்றால் நேரான கோல், அளவுகோல். அந்தக் கோலுக்கு அடங்காதது இர்ரெகுலர். நம்மிடம் ‘கோடு’ இருக்கிறது. வேடிக்கை பாருங்கள், கோடு என்றால் வரை, கோடுதல் என்றால் வளைதல். நேர்மையும் வளைவும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. யானைக்கோடும் கோடுதான். கோடு, கோட்டம், கோணல், கூன் என்று வரிசையாகப் போகலாம். என் பரிந்துரை: கோட்டமுள்ளி.

கோட்டையூர், செவ்வாய் மதியம்

கோட்டம் என்றவுடன் எனக்குக் கோட்டாட்சியர் அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது. பலகையைப் பார்த்துவிட்டு யாராவது பட்டா மாற்ற மனுவோடு வந்து நிற்பார்கள்.

‘முள்ளி’யும் சரிப்படாது. எங்கள் அம்மா நீர்முள்ளிக் கஷாயம் குடித்தே நாளை ஓட்டினார். முள்ளி என்றால் செடி. ‘முள்ளெலி’யும் எனக்கு உவப்பில்லை, அந்த நிலத்துப் பிராணியே எலி இனமில்லை. ஆனால் கிரேக்கர்களும் கடலில் இருப்பதற்கு நிலத்து முள்ளெலியின் பெயரைத்தான் வைத்தார்கள், ‘எக்கினோஸ்’ என்று. எனவே அதை விட்டுவிடுகிறேன். ‘டாலர்’ மட்டும் பலகையில் ஏறக் கூடாது. அமெரிக்கக் காசின் பெயரை நம் கடற்கரையில் கிடக்கிற ஓட்டுக்கு ஏன் வைக்க வேண்டும்? மணற்காசு என்று போடுங்கள்.

முட்டோலி பற்றி: ‘முள் + தீது = முஃடீது’ என்று ஆய்தமும் வருமே? அப்படியானால் ‘முஃடோலி’ என்று எழுதச் சொல்வீர்களா?

தேவகோட்டை, செவ்வாய் மதியம்

அது அல்வழி. இது முள்ளை உடைய தோல், வேற்றுமை. வேற்றுமையில் ஆய்தம் வராது, ட்தான்.

தொண்டி, செவ்வாய் இரவு

ஐயா, ஆய்தத்துக்குள் நான் வரவில்லை. பிராணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். பெயர் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

‘இதய முள்ளெலி’ என்று மொத்தப் பிரிவுக்கும் வைக்க முடியாது. மணல் டாலர் தட்டை. ‘பூமுள்ளெலி’ என்றும் யாராவது சொல்லக்கூடும், அரியலூர்க் கல்லின் மேல்பக்கம் ஐந்து இதழ் அவ்வளவு அழகாகத் தெரிகிறது. மூச்சுவிட உதவும் குழாய்க்கால்கள் வெளியே வரும் துளைகளின் வரிசை அது. ஆனால் போர்ட்டலேசியாவுக்கு அந்த இதழே கிடையாது.

அதைப் பற்றி ஒரு வார்த்தை. 1869இல் அமெரிக்க விலங்கியலாளர் அலெக்சாண்டர் அகாசிஸ் அந்தப் பெயரை வைத்தார், புளோரிடாவுக்கு அப்பால் ஆழ்கடலில் அரிவலை போட்ட போர்ட்டலே என்ற இயற்கை ஆய்வாளரின் நினைவாக. பிறகு 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி வந்த சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த கடல் முள்ளெலிகளையும் அகாசிஸ்தான் ஆராய்ந்து 1881இல் அறிக்கை எழுதினார். போர்ட்டலேசியாவைக் கடல் முள்ளெலி என்று முதல் பார்வையில் யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு சின்ன சீசாவைப் படுக்கப் போட்டது போல இருக்கும். ஓடு காகிதத் தடிமன்தான், வலை மேலே வருவதற்குள் நொறுங்கிவிடும். அதன் குடும்பத்தை 7000 மீட்டருக்கும் கீழே, பெருங்கடல் அகழிகளில்கூட எடுத்திருக்கிறார்கள். அங்கே அதன் வேலை அடிச்சேற்றை விழுங்கி, அதிலிருக்கும் உணவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பின்னால் விட்டபடி நகர்வது.

இதன் உறவினர்கள் ஹோலாஸ்டர் கூட்டம். டைனோசர்களின் கடைசிக் காலமான கிரிட்டேசியஸில் இங்கிலாந்து, பிரான்ஸ் பக்கத்துச் சுண்ணக்கட்டிக் கடல்களில் எங்கே பார்த்தாலும் அவைதான். இன்றைக்கு அந்தக் கூட்டம் பெரும்பாலும் ஆழ்கடலில்தான் மிஞ்சியிருக்கிறது. அரியலூர்க் கல்லையும் ஆழ்கடல் படத்தையும் ஒரே மேசையில் வைக்கிறீர்கள் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அந்த இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால்தான் மேசைக்கு அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று: கழிவுத்துளை உச்சியில் இல்லை. அதில் பெயரைத் தேடுங்கள்.

கண்டனூர் (இப்போது பெங்களூர்), செவ்வாய் இரவு

‘இர்ரெகுலர் எக்கினாய்டு’ என்று தமிழ் எழுத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாமே?

கோட்டையூர், புதன் காலை

தூங்கலாம். நாங்கள் விழித்திருக்கிறோம்.

கானாடுகாத்தான், புதன் காலை

எல்லாருக்கும் வணக்கம். நான் விலங்கியல் படித்தவள் இல்லை. ஆனால் இந்தப் பேச்சை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

டாலர் என்றால் எனக்குச் சங்கிலியில் தொங்குவதுதான். அமெரிக்கா ஞாபகமே வரவில்லை. தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், தொண்டிப் பெண் சொன்னதைப் படித்ததும் எனக்கு எங்கள் வீடுதான் கண்ணில் வந்தது. உருண்டை முள்ளெலி வெறும் வளவு. நடுவில் வானம் பார்த்த திறப்பு, சுற்றிலும் ஒரே மாதிரி தாழ்வாரம், எந்தத் தூணில் சாய்ந்தாலும் ஒன்றுதான். மற்றது முழு வீடு. ஒரு தெருவில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, அடுத்த தெருவில் பின்வாசல். முகப்பில் நின்று பார்த்தால் பின்வாசல் வெளிச்சம் நேர்கோட்டில் தெரியும். அந்த வீட்டைப் போய் ஒழுங்கில்லாத வீடு என்று யாராவது சொல்வார்களா? வளவுதான் எல்லாத் திசையிலும் ஒன்று, வீட்டுக்குத்தான் முகம் இருக்கிறது.

முகப்பு முள்ளெலி என்று வைக்கலாமே?

தொண்டி, புதன் காலை

ஆச்சி, இத்தனை வருஷம் வகுப்பெடுத்தும் எனக்கு இது தோன்றவில்லை. கணக்கும் சரியாக வருகிறது. மணல் டாலருக்கு வாய் நடுவில்தான் இருக்கிறது, இதய முள்ளெலிக்கு முன்னால் நகர்ந்திருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் முன்பக்கம் என்று ஒன்று உண்டு, இரண்டும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் நகரும். உருண்டைக்கு அப்படி ஒரு பக்கமே இல்லை. என் ஓட்டு இதற்கு.

கோட்டையூர், புதன் மதியம்

ஆச்சி சொன்னது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கலைச்சொல் என்பது தமிழ்நாடு முழுக்கவும், யாழ்ப்பாணத்திலும் செல்ல வேண்டியது. தஞ்சாவூர்க்காரர் காதில் ‘முகப்பு’ விழுந்தால் தாலிச் சங்கிலியின் முகப்புதான் நினைவுக்கு வரும். டாலரிலிருந்து தப்பித்து மறுபடி நகைக்கடைக்கே வந்து சேர்ந்திருக்கிறோம்.

தேவகோட்டை, புதன் இரவு

பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல என்று நன்னூலே சொல்லிவிட்டது. புதிதாகப் புகுவது ஊர்ச்சொல்லாக இருப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனாலும் கோட்டமுள்ளியை யாரும் மறுத்ததாகத் தெரியவில்லை. பட்டா பற்றிய கேலி மறுப்பாகாது.

அரியலூர் என்றதும் ஒரு செய்தி. அந்தக் கற்களில் கிடைத்த முட்டோலிகளை 1873இல் விரிவாக எழுதியவர் ஸ்டோலிச்கா என்ற புவியியலாளர், இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் பிறந்தவர். அடுத்த ஆண்டே மத்திய ஆசியாவின் யார்க்கண்டுக்குப் போன பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். கல்லறை லேயில் இருக்கிறது. அவருக்குப் பலகையில் ஒரு வரி கொடுங்கள்.

காரைக்குடி, வியாழன் காலை

ஸ்டோலிச்காவுக்கு வரி கொடுத்தாயிற்று, ஐயா. நம் மூன்று கற்களில் ஒன்று ஸ்டிக்மாட்டோபைகஸ். அதன் பெயரே பின்பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்து வைத்ததுதான். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுப் பழசு. ஒவ்வொரு தகடும் ஒரே கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) படிகம் போல இருப்பதால்தான் இவ்வளவு காலம் வடிவம் குலையாமல் நின்றிருக்கிறது.

இன்னொரு சொல்லும் தனி மடலில் வந்தது: ‘இருபக்கச்சீர்க் கடல் முள்ளெலி’. இருபக்கச் சமச்சீர் என்பது பாடநூலில் ஏற்கெனவே உள்ள சொல். பையன்களுக்குப் புரியும். ‘சம’வை வெட்டிவிட்டேன். சமச்சீர் என்றால் பாடத்திட்டம் என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள்.

மூன்றில் எதற்கு என்று இரவுக்குள் சொல்லுங்கள். கோட்டம், முகப்பு, இருபக்கச்சீர்.

தொண்டி, வியாழன் மதியம்

ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன். எல்லாக் கடல் முள்ளெலியும் குஞ்சுப் பருவத்தில் இருபக்கச்சீர்தான். உருண்டையாக வளர்வதும் அப்படித் தொடங்குவதுதான். அதனால் இந்தப் பெயர் இந்தக் கூட்டத்தை மட்டும் பிரித்துக் காட்டாது. முகப்பு காட்டும்.

கண்டனூர் (பெங்களூர்), வியாழன் மாலை

இருபக்கச்சீர். தேடினால் கிடைக்கும்.

காரைக்குடி, வியாழன் இரவு

ஒன்பது பேர் சொல்லியிருக்கிறார்கள். இருபக்கச்சீர் ஐந்து, முகப்பு மூன்று, கோட்டம் ஒன்று. அந்த ஒன்று யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. ஐந்தில் இருவர் ‘சரி, ஏதோ ஒன்று’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் முகப்புதான் பிடித்திருந்தது. தலைமையாசிரியரிடம் விளக்கிச் சொல்லத் தைரியம் வரவில்லை.

கானாடுகாத்தான், வியாழன் இரவு

பரவாயில்லை. பலகையில் உங்கள் சொல் இருக்கட்டும். சனிக்கிழமை நான் வருவேன். மேசைப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவைக்கவும். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

தேவகோட்டை, வெள்ளி காலை

சீர்க் கடல். க் இருக்கிறதா? அச்சகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் ஒற்றைத் தின்றுவிடுவார்கள்.

காரைக்குடி, வெள்ளி மதியம்

இருக்கிறது ஐயா, நேரில் நின்று பார்த்தேன். ‘முட்தோலி’ மட்டும் பாடநூலில் உள்ளபடியே விட்டிருக்கிறேன். தேர்வில் அதைத்தான் எழுத வேண்டும். மன்னிக்கவும்.

தேவகோட்டை, வெள்ளி மதியம்

ட்-ஐ அடுத்துத் த வராது, தம்பி.