களைநெல்லில் மணி உதிரும் பண்பு: மரபியல் அறிந்தவர்களின் உதவி தேவை

வணக்கம். நேரடி விதைப்பு வயல்களில் பயிருடன் கலந்து முளைத்து, அறுவடைக்கு முன்பே மணிகளை உதிர்த்துவிடும் களைநெல்லின் மரபியலை முதுகலை ஆய்வுக்காகப் படித்து வருகிறேன். ஓரிடத்தில் தெளிவு கிடைக்காததால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

காட்டு நெல்லில் மணி உதிர்வதற்கு எஸ்எச்4 என்ற மரபணு முக்கியக் காரணம் என்பதும், அதில் ஓர் அமினோ அமிலம் மாறியதால் பயிர் நெல்லில் உதிர்வு வெகுவாகக் குறைந்தது என்பதும் 2006இல் தெரியவந்தன. ஆனால் அமெரிக்கக் களைநெல்லில் பெரும்பாலானவை பயிர் நெல்லுக்குரிய அதே எஸ்எச்4 வடிவத்தைக் கொண்டிருந்தும் மணிகளை உதிர்க்கின்றன. அவை பயிர் நெல்லிலிருந்தே மீண்டும் களையாக மாறியவை என்பதற்கு இதை வலுவான சான்றாகக் கருதுகிறேன். தெற்காசியாவில் நிலைமை இன்னும் சிக்கலானது: இங்கே ஒரைசா ரூஃபிபோகான், ஒரைசா நிவாரா ஆகிய காட்டு நெல் வகைகள் வயல்களுக்கு அருகிலேயே வளர்வதால், உதிரும் பண்பு அவற்றின் மகரந்தம் வழியாகவும் வந்திருக்கலாம்.

இவ்விரு வழிகளில் ஒரு செடி எதில் தோன்றியது என்று பிரித்தறிய, எஸ்எச்4 உடன் வேறு எந்த மரபணுக்களைச் சோதிக்க வேண்டும்? அரிசியின் செந்நிறத்தையும் விதை உறக்கத்தையும் ஒருசேரப் பாதிக்கும் ஆர்சி மரபணு பயன்படுமா, அல்லது சிவப்பரிசி தரும் பாரம்பரிய ரகங்களிலும் அது செயல்படுவதால் குழப்பத்தையே கூட்டுமா? மணி உதிர்வை அளக்க, பூத்து எத்தனை நாளில் கதிரை எடுப்பது நல்லது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.