மண்டபத்துக்குள் எடுத்தால் படம் கலங்குகிறது, வழி சொல்லுங்களேன்

நண்பர்களே, மாமா தன்னுடைய பழைய டிஜிட்டல் கேமராவை எனக்குக் கொடுத்திருக்கிறார். கைக்கு அடக்கமான, லென்ஸ் மாற்ற முடியாத சாதாரண வகை. வெயிலில் படம் பளிச்சென்று வருகிறது. கல்யாண மண்டபத்துக்குள் போனால்தான் தொல்லை. ஃபிளாஷ் போட்டால் முன்னால் நிற்பவர் முகம் வெளுத்து, பின்னால் மணமேடை இருண்டுவிடுகிறது. அணைத்தால் ஷட்டர் வேகம் (ஒளியை உள்ளே விடத் திறந்திருக்கும் நேரம்) 1/8 நொடிக்கு இறங்கி, மாலை மாற்றும் கைகள் கலங்கிப்போகின்றன. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அளவை, 1600-க்கு ஏற்றினால் பட்டுச் சரிகை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

"ஜூம் போடாதே, வெளிச்சம் குறையும்" என்கிறார் ஸ்டுடியோ அண்ணன். சரி, அப்புறம் மேடையை எப்படி நெருங்குவது? வீடியோக்காரர்கள் விட்டால்தானே!

ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் வசதி இதில் இல்லை. 'ஸ்லோ சிங்க்' என்று ஒரு ஃபிளாஷ் அமைப்பு மட்டும் இருக்கிறது. அது இதற்கு உதவுமா? ஐஎஸ்ஓ எவ்வளவு வைக்கலாம்? வருகிற ஞாயிறு தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம்.